கல்லைக் கல்!

மலை பிறந்து வயல் பிறவாத நாளிலேயே பிறந்த குடி நம் குடி என்று மேடைதோறும் முழங்குகிறோம். கைதட்டல் அரங்கை அதிரவைக்கிறது. அந்த முழக்கத்தின் நடுவே ஒருவர் எழுந்து, "ஐயா, அந்த மலைக்கல் எப்படிப் பிறந்தது?" என்று கேட்டால் என்னவாகும்? மேடையில் இருப்பவரும் விழிப்பார். கீழே அமர்ந்திருக்கும் நாமும் விழிப்போம். புலவன் வாக்கு உயர்வு நவிற்சி. அதை நாட்காட்டி வைத்து அளக்க வேண்டியதில்லை. ஆயினும் கல் முன்னர், மண் பின்னர் என்று அவன் வைத்த வரிசை மிகச் சரியானது. கல் சிதைந்துதான் மண் ஆகிறது. தமிழகத்து மலைகள் பலவற்றின் கல்லுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. மனித இனத்தின் வயதோ சில லட்சம் ஆண்டுகளே. இத்துணை மூத்த பொருள் நம் வீட்டு வாசற்படியாகக் கிடக்கிறது. அதைப் பற்றி நாம் அறிந்திருப்பதோ ஒரே ஒரு வரி!

அந்த வரி எது என்று உங்களுக்கே தெரியும். "பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகுவதால் உண்டாவது தீப்பாறை." பள்ளியில் படித்தோம், கல்லூரிக்கு வந்தும் படித்தோம். கிரானைட், பசால்ட் என்று இரண்டு எடுத்துக்காட்டுகளை எழுதினோம். இரண்டு மதிப்பெண் பெற்றோம். ஆனால் அந்தத் தேர்வு எழுதிய அறையின் படிக்கட்டு எந்தக் கல் என்று நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்?

கல்லைக் கையில் கொடுக்காமல் நடத்தும் தீப்பாறைப் பாடம், பாடமே அன்று என்பது என் கருத்து. கடற்கரையைக் காணாதவனுக்கு அலையைப் பற்றிச் சொல்வதிலாவது ஒரு நியாயம் உண்டு. மலையடிவாரத்தில் கல்லூரியைக் கட்டிக்கொண்டு, கல்லைக் கரும்பலகையில் வரைவதை என்னவென்று சொல்வது?

அந்த ஒரு வரியில் தவறில்லை, உயிர்தான் இல்லை. அதன் உயிர் "குளிர்ந்து" என்ற ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது? எந்த ஆழத்தில் குளிர்ந்தது? இவ்விரண்டு கேள்விகளைக் கேட்ட உடனே கல் பேசத் தொடங்கிவிடும்.

கற்கண்டு எப்படி விளைகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பாகைப் பானையில் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் பல நாள் வைத்திருந்தால், நூலைப் பற்றிக் கட்டி கட்டியாகப் படிகங்கள் வளர்கின்றன. அதே சர்க்கரையை உருக்கிச் சுழலும் பொறியிலிருந்து வீசி, நொடியில் குளிரவைத்தால் பஞ்சுமிட்டாய். அதில் படிகம் இல்லை. பொருள் ஒன்று, கிடைத்த அவகாசம் வேறு. பாகில் நீர் உண்டே, பாறைக்குழம்பு அப்படியா என்று வேதியியல் நண்பர்கள் இடைமறிக்கலாம். உவமை முற்றும் பொருந்தாதுதான். ஆனால் அணுக்கள் வரிசை பிடித்து அமர அவகாசம் வேண்டும் என்ற விதி இரண்டுக்கும் பொது.

புவியின் மேலோட்டுக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் சிக்கிக்கொண்ட குழம்பு, சுற்றிலும் சூடான பாறையே போர்வையாக இருப்பதால், மிக மெதுவாகக் குளிர்கிறது. படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கின்றன. அதுவே கிரானைட். அதில் கண்ணாடி போன்ற துண்டு குவார்ட்ஸ். நம் ஊரில் வெங்கச்சங்கல் என்கிறோமே, அதுதான். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ஸ்பார். மினுமினுக்கும் ஏடுகள் காக்காய்ப்பொன். அதற்கு மாறாக, 1,000 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தோடு தரைக்கு மேல் வழிந்த குழம்பு விரைவில் ஆறிவிடுவதால், படிகங்கள் பொடிப்பொடியாக நின்றுவிடுகின்றன. அது பசால்ட். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து மராட்டியத்தை மூடிய தக்காணக் கல் இதுதான். அஜந்தாவும் எல்லோராவும் இதில்தான் குடையப்பட்டன. இன்னும் விரைவில் ஆறினால் படிகமே உண்டாகாமல் எரிமலைக் கண்ணாடி மிஞ்சும். சில கற்களில் பொடிப் படிகங்களின் நடுவே பெரிய படிகங்கள் பதிந்திருக்கும். ஆழத்தில் சில காலம் மெல்லக் குளிர்ந்து, பின்னர் மேலே விரைந்து வந்து சட்டென இறுகிய குழம்பு அது. ஒரு கல்லில் இரண்டு அத்தியாயங்கள்!

இது எளிதில் ஏற்கப்பட்ட கருத்தன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அறிஞரிடையே இதன் பொருட்டுப் பெரிய வழக்கே நடந்தது. கிரானைட்டும் பசால்ட்டும் ஆதிக்கடலின் நீரிலிருந்து படிந்தவை என்றது ஜெர்மானியப் பேராசிரியர் வெர்னரின் அணி. உருகிய குழம்பிலிருந்து இறுகியவை என்றார் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன். உருகியது ஆறினால் கண்ணாடியாக அல்லவா ஆகும், கல்லாக எப்படி ஆகும் என்று எதிரணி மடக்கியது. ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால் விடையை ஏட்டில் தேடவில்லை. எடின்பரோவை அடுத்த லீத் என்னும் ஊரின் கண்ணாடித் தொழிற்சாலையில், தற்செயலாக மெல்லக் குளிர நேர்ந்த கண்ணாடிக் குழம்பு கல்லைப்போல் ஆகிவிட்டது என்பதை அறிந்தார். பசால்ட் வகைக் கல்லை உலையில் உருக்கினார். விரைவாக ஆறவிட்டார், கண்ணாடி கிடைத்தது. மெல்ல ஆறவிட்டார், மீண்டும் கல் கிடைத்தது! 1798-இல் இதனை அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். தொழிற்சாலையின் தொழிலாளி கண்ணெதிரே கண்டதுதான் அறிஞருக்கு வழிகாட்டியது என்பதை நாம் மறக்கலாகாது. இந்தச் செய்தி பின்னர் நமக்குத் தேவைப்படும்.

எவ்வளவு காலம் ஆகும் ஒரு குழம்பு இறுக? ஹவாய்த் தீவில் 1959-இல் கிலாவியா இக்கி என்னும் எரிமலைப் பள்ளத்தில் 100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குக் குழம்பு தேங்கியது. மேலே விரைவிலேயே ஆடை படிந்து இறுகியது. விஞ்ஞானிகள் அதன் மேல் நடந்து சென்று துளையிட்டு அவ்வப்போது பார்த்தார்கள். முழுவதும் இறுக ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆயின. அதுவோ திறந்த வானத்தின் கீழ், மழையில் நனைந்துகொண்டே ஆறிய குழம்பு. தடிமன் பத்து மடங்கானால் ஆறும் காலம் ஏறக்குறைய நூறு மடங்காகும் என்பது வெப்பக் கடத்தலின் கணக்கு. அப்படியானால் பூமிக்குள் கிலோமீட்டர் கணக்கில் பருமனுள்ள கிரானைட் திரள் ஆறுவதற்கு எத்தனை ஆயிரம், எத்தனை லட்சம் ஆண்டுகள் ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதையெல்லாம் காண ஹவாய்க்கா போக வேண்டும்? வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களுக்குப் போனால் போதும். வெளிறிய பாறைகளின் ஊடே கறுப்புச் சுவர் எழுப்பியதுபோல் நீண்டு ஓடும் கற்களைப் பார்க்கலாம். நிலத்தின் வெடிப்புகளில் புகுந்த குழம்பு அங்கேயே இறுகியதால் ஆனவை. டைக் என்பது அவற்றின் பெயர். கல்லின் பெயர் டாலரைட். நூறு கோடி ஆண்டைத் தாண்டியவை. அந்தச் சுவரின் ஓரத்தில் ஒரு சில்லையும் நடுவில் ஒரு சில்லையும் எடுத்து ஒப்பிடுங்கள். ஓரத்தில் மணி நுணுக்கம். நடுவில் மணி பருமன். குளிர்ந்த பாறையைத் தொட்ட ஓரம் சட்டென இறுகியது. நடு, பொறுமையாக இறுகியது. ஹால் உலையில் காட்டிய பாடம் முழுவதும் சில அடி அகலத்தில் எழுதிக் கிடக்கிறது! இந்தக் கல்லைத்தான் வணிகர்கள் "கறுப்பு கிரானைட்" என்று பெயரிட்டுக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அது கிரானைட்டே அன்று. கண்டதையெல்லாம் கருங்கல் என்ற ஒரே சொல்லால் நாம் அழைப்பதும் அதே வகைதான்.

வேகம் மட்டுமன்று, குழம்பின் சரக்கும் கல்லை நிர்ணயிக்கிறது. கிரானைட்டில் சிலிக்கா 70 விழுக்காட்டுக்கு மேல். பசால்ட்டில் சுமார் 50. குழம்பு ஆறும்போது எல்லாக் கனிமமும் ஒரே நேரத்தில் படிகமாவதில்லை. ஆலிவின் போன்றவை அதிக வெப்பத்திலேயே முந்திக்கொள்ளும். குவார்ட்ஸ் கடைசிப் பந்தியில் அமரும். இந்த வரிசையை ஆய்வுக்கூடத்தில் உருக்கிப் பார்த்துத் தெளிவாக்கியவர் போவன். அவருடைய நூல் 1928-இல் வந்தது. சிலிக்கா குறைந்த குழம்பில் குவார்ட்ஸ் உண்டாகவே வழியில்லை. காங்கயம் அருகே சிவன்மலையில் உள்ள நெஃபிலின் சயனைட் அத்தகைய கல். ஆனால் அந்த வட்டாரத்தில் வேறொன்று கிடைக்கும்: குருந்தம். துணையாகச் சேரச் சிலிக்கா போதாமையால் எஞ்சி நின்ற அலுமினியம், உயிர்வாயுவோடு கூடிப் படிகமானது அது. ஆங்கிலேயர் அதனைக் கொரண்டம் என்றார்கள். நம்முடைய சொல்லைத்தான் வாங்கிக்கொண்டார்கள். நாமோ நம் சொல்லை மறந்து, அவர்கள் திருத்திய வடிவத்தை மனப்பாடம் செய்கிறோம்!

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் கதை இன்னும் வியப்பானது. அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் வெளிறிய கல், நிலவின் மேட்டுநிலக் கல்லுக்கு நெருங்கிய இனம். நிலவு இளமையாக இருந்தபோது அதன் மேற்புறம் முழுவதும் குழம்புக் கடலாக இருந்தது என்றும், எடை குறைந்த ஃபெல்ஸ்பார் படிகங்கள் மேலே மிதந்து மேலோடு ஆயின என்றும் அறிஞர் கருதுகின்றனர். நம்முடைய கல்லும் குழம்பிலிருந்து அடுக்கடுக்காகப் படிகமாகிப் பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஓரளவு மாறியது. சந்திரயான் திட்டத்துக்காக நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டும் என்றபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் தேடி வந்தது சித்தம்பூண்டிக்கும் குன்னமலைக்கும்தான். நிலவுக்குப் போகிறவர்கள் வந்து பார்த்த கல்லை, பேருந்தில் போகிற நாம் இறங்கிப் பார்ப்பதில்லை.

மனப்பாடம் இன்னொரு கேட்டையும் செய்கிறது. பூமிக்கு அடியில் எங்கு பார்த்தாலும் குழம்புக் கடல் கொதித்துக்கொண்டிருப்பதாக நம்மில் பலர் நம்புகிறோம். புவியின் கவசம் பெரும்பாலும் திடப்பொருளே. நிலநடுக்க அலைகளில் ஒரு வகை திரவத்தின் ஊடே செல்லாது. கவசத்தின் ஊடே அது செல்கிறது. பிறகு குழம்பு எங்கிருந்து வருகிறது? சூடான பாறை மேலே எழும்போது அழுத்தம் குறைந்தால் உருகும். நீர் புகுந்தால் உருகுநிலை தாழ்ந்து உருகும். புதிய வெப்பம் சேர்ந்தாலும் உருகும். சூடு மட்டுமே போதாது, சூழலும் வேண்டும் என்பது எவ்வளவு நுட்பமான பாடம்! அது அந்த ஒற்றை வரியில் இல்லை.

அறிஞர்களுக்கே அந்த வரி போதவில்லை. சென்னையை அடுத்த பறங்கிமலை, பல்லாவரம் பகுதிக் கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்னும் நிலவியலார், 1893-இல் அதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகக் குடியிருப்பை அமைத்த ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் அந்த இனம் என்பதால் அப்பெயர். ஹாலந்து அதைத் தீப்பாறை என்றார். பின் வந்தோர் பலர், ஆழத்தில் மிகுந்த வெப்பத்தால் உருமாறியது என்றனர். இரண்டு வழியிலும் அது உண்டாகக் கூடும் என்பதே ஆய்வுகள் காட்டும் முடிவு. உலகமே விவாதித்த ஒரு கல், நம் தலைநகரின் வாசலில் இருக்கிறது. மாணவனுக்கு முடிவைச் சொல்வதைவிட இந்த வழக்கைச் சொன்னால் அவன் அறிவு விழிக்காதா?

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே போவது என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். நுண்ணோக்கியும் மெல்லிய கற்சீவல்களும் இல்லாமல் கல்லுக்குச் சரியான பெயர் சூட்ட முடியாது என்றும் சொல்லலாம். உண்மைதான். பெயர் சூட்ட நுண்ணோக்கி வேண்டும். ஆனால் மணி பருமனா நுணுக்கமா என்று பார்க்கக் கண் போதும். ஒரு கைலென்சு இருந்தால் மிகவும் நன்று. உலையைத் தேடிப் போன ஹாலைவிட நமக்கு வேலை எளிது. நம் கல் ஏற்கெனவே இறுகிக் காத்திருக்கிறது.

ஆனால் அது எவ்வளவு காலம் காத்திருக்கும்? இங்கேதான் செய்தி வகுப்பறையைத் தாண்டுகிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆறி இறுகி, மேலிருந்த கிலோமீட்டர் கணக்கான பாறை தேய்ந்து போனதால் வெளியே தலைகாட்டிய மலையை, நாம் சில ஆண்டுகளில் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் ஆக்கிவிடுகிறோம். குவாரிகளை எல்லாம் மூடிவிடு என்று நான் சொல்லவில்லை. நம் விடுதியும் கற்களால் ஆனதுதான்; குவாரியில் உடைக்கும் கல்லால் அடுப்பெரியும் வீடுகள் பல. ஆனால் ஒரு மரத்தை வெட்டினால் இன்னொன்றை நடலாம். மலையை நட முடியாது. உடைப்பதற்கு முன் பார்த்து, எழுதி, ஒரு துண்டை எடுத்து வைப்பதையாவது செய்யக் கூடாதா? நம் காலத்தில் அதைச் செய்யாவிட்டால், பின்வரும் மாணவர்களுக்குக் கரும்பலகைப் படம் மட்டுமே எஞ்சும்.

இன்னொன்றும் உண்டு, அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நம்மோடு பெஞ்சில் அமர்ந்திருப்பவர்களில் கல்லுடைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் அப்பாவோ சித்தப்பாவோ சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, எந்தப் பக்கம் பிளக்கும், எங்கே ஓடை விழும் என்று சொல்லிவிடுவார். சிற்பிகள் ஓசை கேட்டே ஆண் கல், பெண் கல் என்று பிரித்தறிந்தார்கள். அந்த அறிவுக்கு நம் பாடத்தில் இடமில்லை. நம் பாடத்தின் அறிவும் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கிரானைட்டில் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கேனும் குவார்ட்ஸ் இருக்கும். அதை உடைக்கும்போதும் துளைக்கும்போதும் எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்குத் தீர்க்கும் மருந்து இல்லை. தடுப்பது ஒன்றே வழி. நீர் தெளித்து உடைக்க வேண்டும், தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிய வேண்டும். டாலரைட்டில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. ஆகவே எந்தக் கல்லில் குவார்ட்ஸ் உண்டு என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி அன்று. ஒரு மனிதன் மூச்சு விடுவதைப் பற்றிய கேள்வி. கல்லுடைப்பவரின் மகன் அதைத் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு வீட்டில் சொல்லாமல் இருந்தால், நாம் கற்ற கல்வி யாருக்காக?

ஆகவே மூன்று செயல்களைக் கல்லூரியின் முன் வைக்கிறேன்.

முதலாவது, முதலாண்டில் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரிலிருந்து கைப்பிடி அளவு ஒரு கல்லைக் கொண்டுவர வேண்டும். ஊர், எடுத்த இடம், நாள், அந்தக் கல்லை ஊரார் அழைக்கும் பெயர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். ஒரு மர அலமாரி போதும். சில ஆண்டுகளில் மாவட்டம் முழுவதும் அதில் வந்துவிடும்.

இரண்டாவது, அகத் தேர்வில் ஒரு கேள்வியேனும் கல்லைக் கையில் கொடுத்துக் கேட்கப்பட வேண்டும். "இது மெல்ல ஆறியதா, விரைந்து ஆறியதா? எதைக் கண்டு சொல்கிறாய்?" இதற்கு எந்த உரைநூலிலும் விடை கிடைக்காது.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குவாரிக்கோ சிற்பக்கூடத்துக்கோ சென்று, அங்கு வேலை செய்வோரை ஆசிரியராக ஏற்று ஒருநாள் கேட்க வேண்டும். திரும்பும்போது தூசியைப் பற்றி நாம் அறிந்ததை அவர்களுக்குச் சொல்லிவிட்டு வர வேண்டும். வாங்கியதற்கு ஈடாகக் கொடுப்பதுதானே முறை?

இவற்றுக்கு அரசாணை வேண்டியதில்லை. பெரும் நிதியும் வேண்டியதில்லை. துறைத் தலைவர் ஒருவரின் இசைவும், மாணவர்களின் தோள்பையில் சிறிது இடமும் போதும். தமிழில் "கல்" என்பது பொருளின் பெயராகவும் இருக்கிறது. படி என்னும் ஏவலாகவும் இருக்கிறது. பெயரை மட்டும் எழுதி மதிப்பெண் வாங்கியது போதும். இனி ஏவலையும் நிறைவேற்றுவோம். அடுத்த ஆண்டு மலரில், நம் மாணவர் கொண்டுவந்த கற்களின் பட்டியல், ஊர்ப் பெயர்களோடு இரண்டு பக்கமேனும் அச்சாகட்டும்!

— மூன்றாமாண்டு மாணவர், புவியியல் துறை